எண்ணெய்த் துளிப் படங்கள் பழுதாகும்போது: குறையிலிருந்து காரணத்துக்கு

தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளை மேலிருந்து படமெடுத்து, இன்னதென்று உடனே சொல்ல முடியாத நிறக்கோலமாக ஆக்குவதற்கு வேண்டியவை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. அடி தட்டையான கண்ணாடித் தட்டு ஒன்று, அதைத் தாங்க ஒரே உயரமான இரண்டு புத்தக அடுக்குகள், இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், தட்டுக்குக் கீழே விரிக்கப் பல நிறச் சேலை ஒன்று, கமரா அல்லது கைத்தொலைபேசி ஆகியவை போதும். செய்து பார்க்கும் எவருக்கும் முதல் நாளிலேயே ஒரு நல்ல படமாவது கிடைத்துவிடும். ஆனால் மறுநாள் அதே பொருட்களுடன் அமர்ந்தால் அதே படம் கிடைப்பதில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதும் விளங்குவதில்லை. அப்படி விளங்காமல் நிற்பவர்களுக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் இந்தப் படங்களை எடுக்கத் தொடங்கிய காலத்தில், படம் பழுதானால் நான் முதலில் தொட்டது கமராவைத்தான். துவாரத்தை (வில்லையில் ஒளி நுழையும் திறப்பை) மாற்றுவேன், கமராத் திரை திறந்து மூடும் வேகத்தை மாற்றுவேன், வில்லையைக் கழற்றித் துடைப்பேன். படம் மட்டும் திருந்தாது. ஒரு நாள் கீழே கிடந்த வெளிர்நீலச் சேலையை எடுத்துவிட்டு, மகள் பாடசாலைக்காகக் கட்டங்கட்டமாக நிறம் தீட்டிய சித்திரத் தாளை விரித்தபோது, கமராவில் எதையும் மாற்றாமலே துளிகள் பளிச்சென்று எழுந்து நின்றன. அன்று முதல் நான் பிழையைக் கீழிருந்து மேலாகவே தேடுகிறேன்: முதலில் தட்டுக்கு அடியிலுள்ள துணியும் அதில் விழும் வெளிச்சமும், அடுத்து தட்டும் தண்ணீரும், அதன் பின் எண்ணெய், எல்லாவற்றுக்கும் கடைசியில் கமரா. கீழே வரும் குறைகளும் அந்த ஒழுங்கிலேயே அமைந்திருக்கின்றன.

துளிகளுக்கு விளிம்பு தெரியவில்லை; துளிக்குள் நிறமும் இல்லை

மிகப் பலருக்கு வரும் குறை இதுதான். இதன் காரணத்தை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதி தாமாகவே தீரும்.

தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய நிறமே கிடையாது. படத்தில் நாம் காணும் நிறம் முழுவதும் கீழே கிடக்கும் துணியின் நிறமே; எண்ணெய் அதை வளைத்துக் காட்டும் வேலையைத்தான் செய்கிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்ணே முறிவுச் சுட்டி. தண்ணீரினது ஏறத்தாழ 1.33, தேங்காய் எண்ணெயினது ஏறத்தாழ 1.45. இந்த வேறுபாட்டினாலும், மேலும் கீழும் புடைத்திருக்கும் தன் வடிவத்தினாலும், ஒவ்வொரு துளியும் ஒரு சின்னக் குவிவு வில்லையாகிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாதி மஞ்சளும் பாதி நீலமுமான தாளொன்றைத் தட்டுக்கு ஒரு முழங்கை ஆழத்துக்குக் கீழே வைத்து, பட்டாணிக் கடலை அளவான தடித்த துளி ஒன்றைக் குனிந்து பார்த்தால், வெளியே மஞ்சள் இருக்கும் பக்கத்தில் துளிக்குள் நீலமும், நீலம் இருக்கும் பக்கத்தில் மஞ்சளும் தெரியும். துளி தன் வயிற்றுக்குள் தாளைத் தலைகீழாக வைத்திருக்கிறது. தாளை மெல்ல வலப்பக்கம் இழுத்தால் துளிக்குள் இருக்கும் எல்லைக்கோடு இடப்பக்கம் நகரும்.

ஆகவே கீழே ஒரே நிறத் துணி கிடந்தால், அதைத் தலைகீழாக்கினாலும் நேராக வைத்தாலும் ஒன்றுதான். துளிக்கும் சுற்றியிருக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு இராது, விளிம்பும் கரைந்துபோகும். அழுத்தமான கருமையும் அழுத்தமான வெளிச்சமும் அடுத்தடுத்து வரும்படி துணியை இட வேண்டும். சேலையின் உடல் பகுதியை விரிப்பதைவிட, கரையும் முந்தானையும் சந்திக்கும் மூலையைத் தட்டின் நடுவுக்கு நேர் கீழே கொண்டுவருவது நல்ல பலன் தரும். சின்னப் புள்ளி வேலைப்பாடுள்ள துணி பயன்படாது, ஏனெனில் துளி அதை மேலும் சுருக்கிவிடுகிறது. உள்ளங்கை அகலமான நிறப் பட்டைகள் வேண்டும். துளிகளுக்குக் கரிய கோட்டுவிளிம்பு வேண்டுமானால், கறுப்புத் துணியின் நடுவில் ஒரு வெளிர் நிற அட்டையை வைத்து, கமராவின் கட்டத்துக்குள் அந்த அட்டை மட்டும் அடங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். துளியின் ஓரத்தில் ஒளி அதிகமாக வளைவதால், ஓரம் மட்டும் அட்டைக்கு அப்பாலுள்ள கறுப்பை எடுத்துக்கொண்டு மையால் வரைந்தது போல நிற்கும்.

இத்தனை செய்தும் நிறம் மங்கலாக இருந்தால், வெளிச்சம் தவறான இடத்தில் விழுகிறது. வெளிச்சம் விழ வேண்டியது துணியின் மீது. தட்டும் கமராவும் நிழலில் இருக்க வேண்டும். எங்கள் விறாந்தையில் காலை ஏழரை மணி தொடங்கி ஒரு மணி நேரம் கிழக்கு வெயில் தரையில் சாய்ந்து விழுகிறது. அப்போது தட்டின் ஒரு பக்கத்தில் அட்டையொன்றை நிறுத்தித் தண்ணீருக்கு நிழல் தந்து, துணியை மட்டும் வெயிலில் விட்டால், எந்த விளக்காலும் பெற முடியாத நிறம் வருகிறது. வெயில் இல்லாத மார்கழி மழை நாட்களில் இரண்டு டோர்ச் விளக்குகளைப் பக்கவாட்டில் வைத்துத் துணியை நோக்கித் திருப்பலாம். மின்சாரத்தில் செருகிய விளக்கைத் தண்ணீர்த் தட்டுக்கு அருகில் வைக்காதீர்கள்.

துணியின் நெசவும் மடிப்பும் தெரிகின்றன

துணி தட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. கமராவில் எடுப்பவர்களுக்கு 25 முதல் 30 சென்றிமீற்றர் இடைவெளி போதும். கைத்தொலைபேசியில் ஒளியைப் பதியும் உணரி சிறியதாகையால் அது அருகிலுள்ளதையும் தொலைவிலுள்ளதையும் ஒருங்கே தெளிவாகக் காட்ட முயலும். ஆகவே இடைவெளி 40 சென்றிமீற்றருக்குக் குறையக்கூடாது. புத்தக அடுக்கை அவ்வளவு உயர்த்தினால் ஆடும் என்பதால், இரண்டு ஸ்டூல்களுக்கு இடையில் தட்டின் ஓரங்களைத் தாங்க வைத்து, துணியைத் தரையில் விரிப்பதே பாதுகாப்பானது. ஸ்டூல் இல்லாவிட்டால், துணிக்கும் தட்டுக்கும் நடுவில் எண்ணெய்த் தாளொன்றைப் பிடித்தால் நெசவு மறைந்து நிறம் மட்டும் ஏறி வரும்; வெளிச்சம் சற்றுக் குறையும்.

நேற்று உருண்டு நின்ற எண்ணெய் இன்று படலமாகப் பரவுகிறது

தட்டு அழுக்காக இருப்பதால் இப்படி நடக்கிறது என்று பலரும் எண்ணி, இன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறார்கள். கழுவக் கழுவக் குறை கூடுகிறது. உண்மையில் தூய தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மிக அதிகம். அதன் மீது விழும் முதல் எண்ணெய்த் துளியை அது நாலா பக்கமும் இழுத்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக விரித்துவிடும். அந்தப் படலம் மேற்பரப்பை நிறைத்த பிறகு இழுப்புத் தளர்ந்துவிடுவதால், அடுத்து விழும் துளிகள் வட்டமாக நிற்கின்றன. நேற்று அரைகுறையாகக் கழுவிய தட்டில் அந்தப் படலம் முன்னமே இருந்தது. இன்றைய சுத்தமான தட்டில் இல்லை. வேறுபாடு அவ்வளவே.

இந்த நுட்பத்தை அளந்து காட்டியவர் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்னும் ஜேர்மானியப் பெண். பல்கலைக்கழகம் சென்று படிக்க வாய்ப்பில்லாத அவர், பிரவுன்ஷ்வைக் நகரில் தன் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தண்ணீரில் பிசுக்கு ஏறும்போது மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்பதைத் தானே செய்துகொண்ட கருவியால் அளந்தார். அவர் ஆங்கிலேய இயற்பியலாளர் றேலி பிரபுவுக்கு எழுதிய கடிதத்தை அப்பிரபுவே 1891ஆம் ஆண்டு நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளிவரச் செய்தார். நாம் தட்டின் முன் அமர்ந்து படும் பாட்டுக்கு விடை ஒரு சமையலறையிலிருந்தே வந்திருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும் செய்தி.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டை விட்டு, நுரை எழாமல் மெல்லக் கலக்கி, அதிலிருந்து ஒரு தேக்கரண்டியைத் தட்டுத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து, அதன் பிறகே எண்ணெயை விட வேண்டும். இப்போது துளிகள் ஒடுங்கி, தடித்து, நல்ல வில்லைகளாக நிற்கும். ஒன்றையொன்று தொட்டாலும் உடனே கலந்துவிடாமல் தேன்கூட்டின் அறைகளைப் போல நெருங்கி அமரும். ஏற்கெனவே பொரிக்கப் பயன்படுத்திய எண்ணெயை எடுக்க வேண்டாம். அதில் கரிந்த துகள்கள் இருப்பதோடு, சூட்டில் சிதைந்து உண்டான பொருட்கள் துளியை ஒடுங்க விடாமல் கெடுக்கின்றன.

திரவத்தை விட்டவுடன் எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடிவிட்டது. அல்லது தண்ணீர் பால் போலாகிவிட்டது

முதலாவது, வரிசை மாறியதால் வந்தது. எண்ணெய் மிதக்கும்போது நடுவில் திரவத்தை விட்டால், அந்த இடத்தில் மட்டும் இழுவிசை சடுதியாகக் குறைந்து, ஓரத்துத் தண்ணீர் எண்ணெயைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டாவது, அளவு மீறியதால் அல்லது கரண்டியால் அடித்துக் கலக்கியதால் வந்தது. எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து தண்ணீர் முழுவதும் பரவிவிட்டது, இனி அது தெளியாது. இரண்டுக்கும் ஒரே மருந்து: கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. கொட்டும்போது மேலே மிதக்கும் எண்ணெயைப் பழைய பத்திரிகைத் தாளில் ஒற்றி எடுத்துக் குப்பையில் இட்டுவிட்டு, மிகுதித் தண்ணீரை மட்டும் வாய்க்காலில் விடுங்கள்.

துளிகளுக்கு இடையில் பொடிப்பொடியாகக் குமிழ்கள், அல்லது வெள்ளைத் துகள்கள்

தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஊசிமுனை அளவுக் குமிழ்கள், தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் வருபவை. குளிர்ந்த தண்ணீரை வெயில் காலத்து அறையில் வைத்தால் பத்து நிமிடத்தில் இவை முளைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, தட்டின் ஓரத்தால் வழியவிட்டு ஊற்றினால் வரமாட்டா. வந்துவிட்டவற்றை மெல்லிய தூரிகை நுனியால் தள்ளிவிடலாம். (குமிழ்கள் வேண்டுமென்றே இருக்கும் படங்களும் அழகானவை, ஆனால் அது நாம் தெரிந்து செய்வதாக இருக்க வேண்டும்.)

வெள்ளைத் துகள் வேறு சங்கதி. கிணற்று நீர் கடினமாக இருக்கும் வீடுகளில், திரவத்துக்குப் பதிலாகச் சவர்க்காரக் கட்டியைக் கரைத்து விட்டால், நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து திரிதிரியாக வெண்படிவம் உண்டாகும். கேத்தலின் அடியில் சுண்ணாம்பு போலப் படியும் வீடு என்றால் அந்தக் கிணற்று நீரை இதற்கு எடுக்காதீர்கள். மழைநீரைப் பிடித்து வடித்துப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் சிறந்தது.

துளி மூட்டமாகத் தெரிகிறது

குளிரூட்டிய அறையில் அல்லது குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரில் வேலை செய்தால் மட்டும் வரும் குறை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். அறைக்கு வெளியே வந்துவிடுங்கள், அல்லது நல்லெண்ணெய்க்கு மாறுங்கள். நல்லெண்ணெயின் பொன்னிறம் நீலத் துணியின் மேல் பச்சை சாய்ந்து தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எண்ணெயில் நிறம் ஏறவில்லை

கேக்குக்குச் சேர்க்கும் நிறத் திரவத்தை எண்ணெயில் விட்டால் அது கரையாமல் மணிமணியாக உருண்டு, சிறிது நேரம் தங்கி, பிறகு கீழேயுள்ள தண்ணீரில் விழுந்து புகை போல விரியும். அந்தச் சாயம் தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரைவதல்ல. எண்ணெயில் கரையும் நிறங்கள் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே உள்ளன. மீன் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் ஏன் சிவந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: மிளகாயின் செம்மை எண்ணெயோடு போய்விடுகிறது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, கால் தேக்கரண்டி மிளகாய்த் தூளை அல்லது மஞ்சள் தூளை இட்டு, ஓரிரவு தெளியவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை நான்காக மடித்து வடித்தால், செம்மஞ்சளும் பசுமஞ்சளுமான தெளிந்த எண்ணெய் கிடைக்கும். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் போத்தலை அலுமாரிக்குள் வைக்க வேண்டும். வடித்தலில் சோம்பல் கூடாது. ஒரு மிளகாய்த் துகள் கிட்டப் படத்தில் கற்பாறை போலத் தோன்றும்.

படம் முழுவதும் மங்கல், அல்லது ஒரு பக்கம் மட்டும் கூர்மை

இப்போதுதான் கமராவுக்கு வருகிறோம். ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக இருந்தால், கமரா தண்ணீருக்குச் சமாந்தரமாக இல்லை. இவ்வளவு கிட்டத்தில் தெளிவின் ஆழம் ஓரிரு மில்லிமீற்றரே. சிறு சாய்வும் படத்தைப் பாதியாக வெட்டிவிடும். கமராவின் பின்திரைக்கு மேல் கட்டிட மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். துவாரம் எஃப் 8 அளவில் இருப்பது நலம். மேலும் சுருக்கினால் கீழேயுள்ள துணியின் நெசவு திரும்பி வந்துவிடும்.

முழுப்படமும் மங்கலாக இருந்தால், கமரா எதைப் பிடித்தது என்று பாருங்கள். துணியின் நிறக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடுவது வழக்கம். நகக்கண் நீளத்துக்கு ஓர் ஈர்க்குத் துண்டை முறித்து மிதக்கவிட்டு, அதில் குவியத்தை (ஃபோக்கஸை) பிடித்துப் பூட்டி, பிறகு துண்டை எடுத்துவிடலாம். கைத்தொலைபேசியில் திரையை நீண்ட நேரம் அழுத்தினால் குவியம் பூட்டிக்கொள்ளும். ஈர்க்கில் பிடித்தால் துளியின் விளிம்பு கூர்மையாக வரும். துளிக்குள் தெரியும் தலைகீழ்க் கோலம் மேற்பரப்புக்குச் சற்று மேலே உருவாவதால், அதைக் கூர்மையாக்க விரும்புகிறவர்கள் குவியத்தை ஒரு மயிரிழை உயர்த்த வேண்டும். இரண்டையும் ஒருசேர வேண்டினால் ஏமாற்றமே மிஞ்சும். எது படத்துக்கு உயிர் என்று முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பெரும்பாலும் விளிம்பையே தேர்கிறேன்.

குவியம் சரியாக இருந்தும் துளிகள் இழுபட்டுத் தெரிந்தால், அவை நகர்கின்றன. மின்விசிறியை அணைக்க வேண்டும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்க யன்னலைச் சாத்தியே ஆக வேண்டும். காலைப் பொழுதின் அமைதியைத் தவறவிட்டால் பிற்பகலில் மேற்பரப்பு அடங்குவதே இல்லை. மேசையைவிடச் சீமெந்துத் தரை அசைவற்றது. வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல், அதற்காக ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்திறனை) 800 வரை உயர்த்தத் தயங்காமல் இருங்கள்.

குறுக்கே கரும்பட்டைகள், நடுவில் மின்விசிறியின் இறக்கை

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. வேகத்தை உயர்த்தி எடுக்கும்போது அது பட்டைகளாகப் பதியும். வேகத்தை 1/100க்கு இறக்கினால் பட்டை மறையும், ஆனால் துளி இழுபடும். ஆகவே அந்த விளக்கை விட்டுவிட்டுப் பகல் வெளிச்சத்துக்கு வருவதே முறை. விசிறி, கூரை, கமராவைப் பிடித்திருக்கும் நம் கை ஆகியவை தெரிவது தண்ணீரில் விழும் பிரதிபலிப்பு. கறுப்பு அட்டையில் வில்லை அளவுக்கு ஒரு துளையிட்டு, அதன் வழியே எடுத்தால் மேலேயுள்ள எதுவும் விழாது.

எல்லாம் சரி, ஆனாலும் படத்தின் மேல் ஒரு வெண்புகை

கடலோர வீடுகளுக்கே உரிய குறை இது. வாடைக்காற்றுக் காலத்தில் யன்னலைத் திறந்து வைத்த வீட்டில், இரண்டு மூன்று நாட்களில் வில்லையின் மீது உப்புப் படிந்துவிடுகிறது. கண்ணுக்கு நேரே பிடித்தால் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் பனிமூட்டம் போலத் தெரியும். சட்டை நுனியால் உலர்வாகத் தேய்த்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, வில்லைக்குரிய துணியை மிகச் சிறிதளவு ஈரமாக்கி ஒற்றி, பிறகே துடைக்க வேண்டும். விரலில் எண்ணெயோடு கமராவைத் தொட்டாலும் இதே வெண்புகை வரும். ஒரு கை எண்ணெய்க்கு, மறு கை கமராவுக்கு என்று பிரித்துக்கொண்ட பிறகு எனக்கு அது வருவதில்லை.

பிழை எதுவும் இல்லை, ஆனால் கண் எங்கும் நிற்கவில்லை

துளிகள் மிகுதியாகிவிட்டன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் முழுவதையும் விட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சால் பெரியதாக ஒன்று, அதைச் சுற்றி அவரை விதை அளவில் மூன்று நான்கு, கடுகளவில் சில என்று விட்டுப் பாருங்கள். கூடிவிட்டால் கடதாசிக் கைக்குட்டையின் கூர்மடித்த மூலையால் தொட்டு உறிஞ்சிவிடலாம். அதன் பிறகு பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிறியவை பெரியதை நோக்கித் தாமாகவே நகர்ந்து வரும். தொடுவதற்குச் சற்று முன், இரண்டுக்கும் நடுவில் துணியின் நிறம் ஒரு மெல்லிய நூலாக ஒடுங்கும். அந்த நூல் அறுவதற்குள் பொத்தானை அழுத்துங்கள்.